தோட்டத்து மண்ணை ஜெர்மனிக்குக் கொடுத்துவிடலாமா?

கேள்வி: ஜெர்மனியில் மண்ணுயிர்கள் பற்றி ஆராய்ச்சி செய்யும் என் அண்ணன் மகள், எங்கள் மஞ்சள் தோட்டத்து மண் கால் கிலோ கேட்கிறாள். அங்கே போகும் உறவினரின் பெட்டியில் வைத்து அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். கூரியரும் வேண்டாம். இந்தியா போன்ற நாடுகளிலிருந்து மண் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை இருக்கிறது. ஆராய்ச்சிக்கு விலக்கு உண்டுதான். ஆனால் அதற்கான அனுமதியை அவளுடைய பல்கலைக்கழகம் முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும்.

கால் கிலோ மண்ணுக்கு இவ்வளவு கெடுபிடியா என்று தோன்றும். ஊட்டியில் நடந்ததைப் பாருங்கள். 1961இல் அங்கே உருளைக்கிழங்கு வயல்களில், வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு இருப்பதை ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் கண்டுபிடித்தார். அந்தப் புழுவின் பூர்வீகம் தென் அமெரிக்கா. குண்டூசித் தலையைவிடச் சிறிய கூட்டுக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள். கிழங்குச் செடியே இல்லாவிட்டாலும் மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். கிழங்கில் ஒட்டிய மண்ணே பரவப் போதும். நீலகிரி விதைக்கிழங்கு வெளியே போகாமல் தடை போட வேண்டி வந்தது. புழுவை இன்றுவரை ஒழிக்க முடியவில்லை.

அப்புறம் நம் நாட்டுச் சட்டம். 2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி நுண்ணுயிர்களும் உயிரியல் வளம்தான். வெளிநாட்டு நிறுவனமோ வெளிநாட்டில் வசிக்கும் இந்தியரோ அவற்றை ஆராய்ச்சிக்குப் பெற, சென்னை தரமணியிலுள்ள தேசிய உயிரியல் பல்வகைமை ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். இந்தியக் குடியுரிமை இருந்தாலும் உங்கள் அண்ணன் மகள் இதற்குள் வரக்கூடும். டிஎன்ஏவை மட்டும் பிரித்து அனுப்பினாலும் இதே கதைதான். ஆய்வாளர்கள் இந்த விதிகளைத் திட்டாத நாளில்லை; படிவங்களைப் பார்த்தால் எனக்கும் சலிப்புதான். ஆனாலும் நியாயம் இருக்கிறது. ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தே மண் நுண்ணுயிரிலிருந்து வந்தது. அப்படியொன்று உங்கள் மண்ணில் கிடைத்தால் பலனில் நமக்குப் பங்கு வேண்டாமா? 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா பன்னாட்டு உடன்படிக்கை பேசுவதும் இதைத்தான்.

சரி, வழி என்ன? அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர், கோவை வேளாண் பல்கலைக்கழகம் போன்ற இங்குள்ள நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து திட்டம் போடட்டும். அரசு ஒப்புதல் பெற்ற கூட்டு ஆராய்ச்சிக்குச் சட்டத்தில் தனிச் சலுகை உண்டு. பரிசோதனையையும் பெரும்பாலும் இங்கேயே முடித்துவிடலாம்.

மண் நகராமலே பெரிய வேலைகள் நடந்திருக்கின்றன. 2019இல் வெளியான உலக மண்புழு வரைபடம், 57 நாடுகளில் 6,928 இடங்களின் கணக்கைச் சேர்த்து உருவானது. வெப்பமண்டலத்தைவிட மிதவெப்பப் பகுதிகளில்தான் ஓரிடத்தில் அதிக மண்புழு இனங்கள் தெரிகின்றன என்றது அது. நம் பக்கத்துக் கணக்குகள் குறைவு என்பதால், இதை இறுதித் தீர்ப்பாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் தோட்டத்துக் கணக்கு உதவுவது இங்கேதான்.

ஐப்பசி மழைக்குப் பின், காலையில், 25 செ.மீ. நீள அகலத்தில் 30 செ.மீ. ஆழத்துக்கு மண்ணை வெட்டி எடுங்கள். வெள்ளைத் துணியில் கொட்டி, மண்புழு, கரையான், வண்டுப்புழு, மரவட்டை என்று தனித்தனியாக எண்ணுங்கள். 16ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கான எண்ணிக்கை. வெப்பமண்டல நாடுகளில் பரவலாகக் கையாளும் முறை இது. அதனால் உங்கள் எண்ணைக் கென்யாவோடும் பிரேசிலோடும் ஒப்பிடலாம். ஒரே குழியை நம்ப வேண்டாம். சில மீட்டர் தள்ளித் தள்ளி ஐந்தாறு இடங்களிலாவது வெட்டுங்கள். தேதி, பயிர், போட்ட உரம், கடைசியாக மழை பெய்த நாள் ஆகியவற்றையும் குறித்துவையுங்கள்.

இந்தக் கணக்கையும் நேராக வாட்ஸ்அப்பில் தட்டிவிடாமல், இங்குள்ள கூட்டு நிறுவனம் மூலமாகவே போகவிடுங்கள். ஆய்வு முடிவுகளை வெளிநாட்டவரிடம் பகிர்வதற்கும் அதே சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது.