தோள்பட்டை நுண்துளை அறுவை சிகிச்சைக்குப் பிறகு தோளும் மார்பும் வீங்குவது ஏன்? உள்ளே விட்ட தண்ணீர் ஆபத்தா?

நான் மயக்க மருத்துவர். எல்லாரும் திரையில் தெரியும் மூட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் நோயாளியின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். காரணம், நீங்கள் கேட்ட இதே தண்ணீர்தான்.

கேமராவுக்கு மூட்டின் உள்ளே தெளிவாகத் தெரிய வேண்டுமானால், சலைனை பம்ப் மூலம் உள்ளே ஓடவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 3 லிட்டர் பைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காலியாகும். முழங்கால் என்றால் தொடையில் பட்டை கட்டி ரத்த ஓட்டத்தை நிறுத்தலாம். தோளில் அப்படிக் கட்ட இடமே இல்லை. அதனால் கசிகிற ரத்தத்தை நீரின் அழுத்தத்தால்தான் அடக்குகிறார்கள். பையில் ரத்தக் குழாய்களைச் சுருக்கும் அட்ரினலின் கொஞ்சம் கலப்பதும், நாங்கள் ரத்த அழுத்தத்தைச் சற்றுக் குறைத்து வைப்பதும் இதற்குத்தான். தோள் எலும்பு முகட்டுக்குக் கீழுள்ள இடத்தில் வேலை செய்யும்போது நீரைத் தடுக்க, மூட்டைச் சுற்றி இருக்கும் உறை (மூட்டுறை) அங்கே கிடையாது. தசைகளுக்கு இடையே புகுந்து மார்பு, கழுத்து வரை போய்விடும். தசைநாண் கிழிசல் பெரியதாக இருந்து நேரம் இழுத்தால் சொல்லவே வேண்டாம், எடையே சில கிலோ கூடலாம்.

பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. சலைனின் உப்பளவு ரத்தத்துக்கு நெருக்கமானது. புராஸ்டேட் அறுவையில் உள்ளே விடும் உப்பில்லாத கிளைசின் கரைசல் ரத்தத்தில் கலந்து சோடியத்தை இறக்கிவிடுமே, அந்தத் தொல்லை இங்கே அபூர்வம். தசையில் தேங்கிய நீர் மெல்ல ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராகப் போய்விடும். ஒரு நாளுக்குள் வீக்கம் நன்றாக வடியும். கட்டு நனைந்து இளஞ்சிவப்பாகச் சொட்டுவதும் பெரும்பாலும் இந்தத் தண்ணீர்தான். இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்களுக்கு மட்டும் இந்தக் கூடுதல் நீர் சுமையாகலாம். அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அரிதாகக் கழுத்து வீங்கி மூச்சுக்குழாயை அழுத்தும். அறுவை முடிந்ததும் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பேன். கல்லு மாதிரி இறுகியிருந்தால், மயக்கத்துக்காக நாங்கள் தொண்டை வழியே செருகிய சுவாசக் குழாயை உடனே எடுக்காமல், வீக்கம் வடியும்வரை விட்டுவைப்போம்.

இன்னொன்று: வலி தெரியாமலிருக்கக் கழுத்தில் போடும் நரம்பு ஊசி, அந்தப் பக்கத்து உதரவிதானத்தையும் சில மணி நேரம் செயலிழக்கச் செய்யும். லேசான மூச்சிரைப்பும் குரல் கம்மலும் இந்த ஊசியாலும் வரலாம். ஆனால் எது காரணம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். மூச்சு முட்டினாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ, வடிய வேண்டிய வீக்கம் ஏறிக்கொண்டே போனாலோ, இரவானாலும் சரி, உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.