வீடு மாமனார் பெயரில் இருந்தால் என்ன?

கேள்வி: தண்டையார்பேட்டையில் மாமனார் பெயரிலுள்ள வீட்டில் குடியிருந்தோம். கணவர் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறார். குடித்தால் அடிப்பார். ஒருமுறை ஸ்டேஷனுக்குப் போனேன். ‘இனி அடிக்க மாட்டேன்’ என்று எழுதி வாங்கி அனுப்பிவிட்டார்கள். போன மாதம் என் கையை உடைத்துவிட்டார். பிள்ளைகளோடு காசிமேட்டில் அம்மா வீட்டில் இருக்கிறேன். புகார் கொடுத்தால் அவர் ஜெயிலுக்குப் போவார், மாமியார் எங்களை வீட்டுக்குள் விடமாட்டார். என்ன செய்வது?

பதில்: உடைந்த கையோடு அவருக்காகப் பயப்படுகிறீர்களே தங்கச்சி! அந்தப் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு ஆணை கேட்டால், அதற்காக அவரை ஜெயிலில் போட மாட்டார்கள். அடிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, பிள்ளைகளின் பள்ளிக்கு வந்து நிற்கக் கூடாது என்று மாஜிஸ்திரேட் தடை போடுவார். மீறினால்தான் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜெயிலா இல்லையா என்பது உங்கள் கணவர் கையில்தான் இருக்கிறது. கையை உடைத்ததற்குப் போலீஸ் வழக்கு தனி, அதையும் கொடுக்கலாம்.

ஸ்டேஷனில் எழுதி வாங்கிய காகிதத்துக்குக் கோர்ட் ஆணையின் பலம் கிடையாது. ஆனாலும் பத்திரமாக வையுங்கள், முன்பே அடித்தார் என்பதற்கு அது சாட்சி.

அப்புறம் வீடு. யார் பெயரில் இருந்தாலும், நீங்கள் குடித்தனம் நடத்திய வீட்டில் வசிக்க உங்களுக்கு உரிமை உண்டு. மாமனார் வீடானாலும் இது பொருந்தும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டப்படி வழக்குப் போடாமல் யாரும் உங்களை வெளியே தள்ள முடியாது. இதற்கு வசிப்பிட ஆணை கேளுங்கள். கணவரை வெளியேறச் சொல்லியும் கேட்கலாம். மாமியாரை, பெண் என்பதால், அப்படி வெளியேற்ற முடியாது. அவரோடு ஒரே கூரையின் கீழ் இருக்க மனம் ஒப்பவில்லையென்றால் வேறு வீட்டுக்கு வாடகை கேளுங்கள்.

ராஜாஜி சாலையில் சிங்காரவேலர் மாளிகை, அதாவது கலெக்டர் ஆபீஸ், பீச் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம்தான். அங்கே மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைக் கேளுங்கள். மனு எழுதுவதிலிருந்து அவர் உதவ வேண்டும். காசிமேட்டு விலாசத்தை வைத்தே மனு போடலாம். சட்டப் பணிகள் ஆணைக்குழு, வருமானம் பார்க்காமல் பெண்களுக்கு இலவசமாக வக்கீல் தரும். 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் வழக்கு இழுக்கும். அதனால் முதல் நாளே இடைக்கால ஆணை கேளுங்கள், மறக்காதீர்கள். இதற்கிடையில் அவர் வந்து கதவைத் தட்டினால் 100. வழி கேட்க எந்நேரமும் பெண்கள் உதவி எண் 181.

ஆஸ்பத்திரி சீட்டையும் எக்ஸ்ரேயையும் எடுத்துப் போங்கள். அங்கே டாக்டரிடம் ‘வழுக்கி விழுந்தேன்’ என்று சொல்லியிருந்தாலும் பரவாயில்லை, நம்மில் நிறையப் பேர் அப்படித்தான் சொல்கிறோம். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்பதையும் சேர்த்து, நடந்ததை நடந்தபடி பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லுங்கள்.