ஏறத் தெரிந்ததற்கு இறங்கத் தெரியாதா?

அன்புள்ள அண்ணா,

மரங்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்து வருகிறேன். நாங்கள் மடிப்பாக்கத்தில் இருக்கிறோம். போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கள் பூனை பஞ்சுவைத் தெருநாய்கள் துரத்தின. அது எதிர்வீட்டு வாதாமரத்தில் ஏறிவிட்டது. ஏறியது இறங்கவே இல்லை. ராத்திரி முழுக்கக் கத்திக்கொண்டே இருந்தது.

வீட்டு ஓனர், "ஏறத் தெரிஞ்சதுக்கு இறங்கத் தெரியாதாம்மா? பசிச்சா தானா வரும்" என்றார். புதன்கிழமை மதியம் பக்கத்துத் தெருவில் தேங்காய் பறிக்கிறவரைக் கூப்பிட்டேன். அவர் விறுவிறுவென்று ஏறினார். அவர் ஏற ஏறப் பஞ்சு கிளை நுனிக்கு நகர்ந்துகொண்டே போனது. அதற்கு மேல் அவரால் போக முடியவில்லை. எழுநூறு ரூபாய் கொடுத்தேன். "பூனையும் வரலை, பணமும் போச்சு" என்று வீட்டில் இன்னும் பேச்சு ஓயவில்லை. வியாழன் காலையில் தீயணைப்புத் துறைக்குப் போன் செய்தேன். வந்து, ஏணி வைத்து, சாக்குப்பையில் போட்டு இறக்கிக் கொடுத்தார்கள். பஞ்சு இப்போது சாப்பிடுகிறது. இடது முன்னங்காலை மட்டும் கொஞ்சம் தூக்கித் தூக்கி வைக்கிறது.

ஓனர் சொன்னதுதான் சரியா? விட்டிருந்தால் தானாக இறங்கியிருக்குமா? இன்னொரு தடவை இப்படி ஆனால் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்? ஒரு பூனைக்காக இத்தனை பேரை அலைக்கழித்துவிட்டேனோ என்றும் இருக்கிறது.

கே., மடிப்பாக்கம்

அன்புள்ள கே.,

நீங்கள் யாரையும் அலைக்கழிக்கவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பதினாறு வருடமாக மரம் ஏறுவதுதான் எனக்குச் சோறு போடுகிறது. கிளை கழிப்பது, பட்டுப்போன மரத்தைத் துண்டு துண்டாக இறக்குவது, நடுநடுவே பூனை. உங்களைப் போல ராத்திரி முழுக்க மாடியிலும் வாசலிலும் நின்றுவிட்டு, விடிந்ததும் தயங்கித் தயங்கிப் போன் செய்கிறவர்கள் நிறையப் பேர். எல்லோருமே "ஒரு பூனைக்காக..." என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள்.

ஓனர் கேட்டது நியாயமான கேள்விதான். பதில் பூனையின் நகத்தில் இருக்கிறது. துரட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் கொக்கி ஒரு பக்கம்தான் வளைந்திருக்கும். கீழே இழுத்தால் கிளையைப் பிடிக்கும், மேலே தள்ளினால் வழுக்கிக்கொண்டு போய்விடும். பூனையின் நகமும் அப்படித்தான். தலை மேலே இருக்கும்வரை உடம்பின் எடை நகத்தைப் பட்டைக்குள் அழுத்தும். தலை கீழே போனால் ஒரு நகமும் பிடிக்காது. அணிலைப் பாருங்கள், தலைகீழாக ஓடி வரும். அதற்குப் பின்னங்கால் பாதம் பின்பக்கமாகத் திரும்பும், அதனால் நகம் அப்போதும் மேல்நோக்கியே மாட்டும். பூனைக் குடும்பத்தில் அந்த வித்தை தெரிந்தவை சிலதான். வடகிழக்குக் காடுகளில் இருக்கும் படைச்சிறுத்தை அதில் ஒன்று. நம் வீட்டுப் பூனைக்கு அந்தக் கணுக்கால் வாய்க்கவில்லை.

ஆக, பூனை இறங்க ஒரே வழி பின்பக்கமாக, ஏணியில் நாம் இறங்குவது போல இறங்குவதுதான். சில பூனைகள் குட்டியிலேயே அதைக் கற்றுக்கொள்ளும். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனைக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்? நாய் துரத்தும்போது அது இறங்குவதைப் பற்றி யோசித்தா ஏறுகிறது?

உங்கள் மரமும் சேர்ந்துகொண்டது. வாதாமரம் குடை குடையாக அடுக்கு விட்டு வளரும். ஒரு அடுக்குக்கும் அடுத்ததுக்கும் நடுவில் வெறும் தண்டுதான். பூனை ஓட்ட வேகத்தில் இரண்டு மூன்று அடுக்கைத் தாண்டிப் போய்விடும். அப்புறம் கீழே எட்டிப் பார்த்தால் காலை வைக்க ஒரு கிளை கிடையாது. வேப்பமரமாக இருந்திருந்தால் கவட்டைக்குக் கவட்டை தாவி வந்தாலும் வந்திருக்கும்.

சரி, எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்? என் கணக்கு ஒரே ஒரு ராத்திரி. தெரு அடங்கி, நாயெல்லாம் சுருண்டு படுத்து, வண்டிச் சத்தம் நின்ற பிறகு, விடியற்காலை மூன்று மணி வாக்கில் பல பூனைகள் தாமாகவே இறங்கிவிடும். அதற்கு நாம் இடம் கொடுக்க வேண்டும். மரத்தடியில் கூட்டம் கூடக் கூடாது. செல்போன் வெளிச்சம் அடிக்கக் கூடாது. கல் எறிவது, ஹோஸ் பைப்பில் தண்ணீர் பீய்ச்சுவது, கிளையை உலுக்குவது எல்லாம் பூனையை இன்னும் மேலே ஏற்றும் வேலை. அடியில் நெத்திலிக் கருவாடு கொஞ்சம் வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுங்கள்.

விடிந்தும் அது அங்கேயே இருந்தால் காத்திருந்தது போதும். நம் ஊர் வெயிலில் ஒரு முழுப் பகல் தண்ணீர் இல்லாமல் இருந்தாலே உடம்பு வற்ற ஆரம்பிக்கும். பூனைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. சில நாள் ஒன்றும் தின்னாமல் இருந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ச் சேர்ந்துவிடும். கொழுகொழுவென்று வளர்ந்த பூனைக்குத்தான் இது சீக்கிரம் வரும். "பசிச்சா வரும்" என்று சொல்கிறவர்களுக்கு இது தெரிவதில்லை. பசிக்கப் பசிக்கக் கால் தளருமே ஒழிய, புதிதாக இறங்கத் தெரிந்துவிடாது. பகலில் காக்கைத் தொல்லை வேறு. கூடு கட்டும் மாதங்களில் பத்துப் பதினைந்து காக்கை சூழ்ந்து கொத்தக் கொத்தப் பூனை நுனிக்கு நகர்வதைப் பார்த்திருக்கிறேன். குட்டியாக இருந்தாலோ, அடிபட்டிருந்தாலோ, மழை வரும்போல இருந்தாலோ அந்த ஒரு ராத்திரியும் கூடாது.

"விழுந்தாலும் நாலு காலில்தானே நிற்கும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நிற்கும், ஆனால் அடி படாமல் இல்லை. நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்து மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி 1987-ல் ஒரு ஆய்வு வெளிவந்தது. சிகிச்சை பெற்றவற்றில் 90 சதவீதம் பிழைத்தன. அந்த 90-ஐ மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். நெஞ்சில் அடி, தாடை முறிவு, கால் முறிவு என்று வந்த பூனைகள் அவை. விழுந்த இடத்திலேயே செத்தது எதுவும் அந்தக் கணக்கில் வராது.

எனக்கு அது படித்துத் தெரிந்தது மட்டும் இல்லை. தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம், பெசன்ட் நகரில் ஒரு தூங்குமூஞ்சி மரம். சாம்பல் நிறப் பெண் பூனை, மூன்று நாளாக மேலே இருந்தது. கீழே அந்த வீட்டுப் பாட்டி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். சீக்கிரம் எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், அது உட்கார்ந்திருந்த கிளையிலேயே காலை வைத்தேன். கிளை ஆடியது. அது என்னையே பார்த்தபடி ஒவ்வோர் அடியாகப் பின்னால் போனது. கிளை விரல் தடிமனுக்கு மெலிந்த இடத்தில் நின்றது. நான் கையை நீட்டினேன். அடுத்த நொடி அது அங்கே இல்லை. பின்னந்தொடை எலும்பு முறிந்து ஆறு வாரம் கூண்டில் கிடந்து பிழைத்தது. பாட்டி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மரத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் இன்றைக்கும் அந்தக் கிளையைத்தான் பார்க்கிறேன்.

அதற்குப் பிறகு பூனை இருக்கும் கிளையை நான் தொடுவதில்லை. வேறொரு கிளையில், பூனைக்கும் மேலே, கயிறு போட வேண்டும். மெல்லிய நூல்கயிற்றின் நுனியில் சின்ன எடைப்பையைக் கட்டி, தடித்த கவட்டையாகப் பார்த்து வீசுவேன். விழுந்ததும் அந்த நூலில் ஏறுகயிற்றைக் கட்டி இழுத்துக்கொள்வேன். இரண்டு ஆள் சேர்ந்து தொங்கிப் பார்த்த பிறகுதான் ஹார்னஸை மாட்டுவேன். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் இந்த ஊரில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. விழாமல் நின்றதில் எத்தனையோ மரத்தில் அன்று வாங்கிய கீறல் உள்ளே உளுத்துப்போய்க் கிடக்கிறது. கீழிருந்து பார்த்தால் பச்சைப்பசேல் என்றுதான் இருக்கும். குல்மோகரில் இரண்டு தடவை பார்ப்பேன். முருங்கையில் ஏறவே மாட்டேன், ஏணிதான்.

பூனைக்கு ஓர் ஆள் உயரம் கீழே வந்ததும் நிறுத்திவிடுவேன். அங்கே ஒரு வேலையும் இல்லை, தொங்கிக்கொண்டு இருப்பதுதான் வேலை. முகத்தை நேராகப் பார்க்காமல் மெதுவாக ஏதாவது பேசிக்கொண்டிருப்பேன். பேர் தெரிந்தால் பேரைச் சொல்லுவேன். சில சமயம் இருபது நிமிஷம், சில சமயம் ஒரு மணி நேரம். மெல்ல ஏறி விரலை நீட்டினால் மோந்து பார்க்கும். கன்னத்தை விரலில் தேய்த்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. காடாத்துணியில் தைத்த சுருக்குப்பை ஒன்று வைத்திருக்கிறேன். உட்புறம் வெளியே வருமாறு அதை முழங்கை வரை மாட்டிக்கொண்டு, அந்தக் கையால் பிடரியைப் பிடித்து, மறுகையால் பையைப் பூனை மேல் உருட்டிவிட்டு, கயிற்றை இழுத்து முடிச்சுப் போடுவேன். இருட்டானதும் பெரும்பாலும் அடங்கிவிடும்.

திருவல்லிக்கேணியில் வளர்ந்தவன் நான். வைணவத்தில் மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்று சரணாகதிக்கு இரண்டு உவமை சொல்வார்கள். குரங்குக்குட்டி தாயை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பூனைக்குட்டி ஒன்றும் செய்யாது, தாய்தான் கவ்விக்கொண்டு போகும். வடகலை, தென்கலை வாதமாகச் சின்ன வயதில் கேட்டது, மரத்தின் மேல்தான் எனக்குப் புரிந்தது. மேலே மாட்டிக்கொண்ட பூனை குரங்குக்குட்டியாகக் கிளையைப் பற்றியிருக்கும். பிடரியில் கை பட்டு ஒரு நொடியில் அந்தப் பிடி விட்டுப்போகும். விடுகிற பூனையின் முழு எடையையும் அப்போது நாம் வாங்கிக்கொள்ள வேண்டும். வளர்ந்த பூனையைப் பிடரியை மட்டும் பிடித்துத் தூக்கினால் வலிக்கும், அடியில் ஒரு கை தாங்கியே ஆக வேண்டும்.

தேங்காய் பறிக்கிறவருக்குக் கொடுத்த பணம் வீண் என்று வீட்டில் இனி யாரும் பேச வேண்டாம். தென்னையில் ஏறுவது ஒரே தண்டைக் கட்டிப்பிடித்து ஏறுகிற வித்தை. அதில் அவர் என்னைவிடக் கெட்டிக்காரராக இருப்பார். கிளை மரத்தில் தண்டை விட்டு விலகி நுனிப்பக்கம் போக வேண்டும், அதற்கு மேலிருந்து ஒரு கயிறு வேண்டும். அது இல்லாமலேயே ஏறி, முடியாது என்று தெரிந்த இடத்தில் திரும்பி இறங்கினார் பாருங்கள், அவருக்குத் தொழில் தெரியும். வீம்புக்கு இன்னும் இரண்டடி போயிருந்தால் வேறு கதை. உடம்பைப் பணயம் வைத்ததற்குத்தான் அந்த எழுநூறு.

வியாழக்கிழமை நீங்கள் செய்ததை அடுத்த முறை முதல் நாள் விடிந்ததுமே செய்யுங்கள். 101 அல்லது 112. தீயணைப்புத் துறையின் பேரிலேயே "மீட்புப் பணிகள்" என்று இருக்கிறது, கூச்சப்பட வேண்டாம். அடிபட்ட பூனை என்றால் 1959-லிருந்து இந்த ஊரில் இருக்கும் விலங்கு நல அமைப்பான புளூ கிராஸையும் கேளுங்கள். மரத்தை ஒட்டி மின்கம்பி போனால் யாரையும் ஏற்றாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான். ஈரக்கிளையிலும் மின்சாரம் பாயும், இரும்பு ஏணியைச் சொல்லவே வேண்டாம். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லி, லைனை நிறுத்திய பிறகுதான் மற்றதெல்லாம். தெருப் பையன்கள் உற்சாகமாக முன்வருவார்கள். அவர்களைத் தடுக்க வேண்டியது பெரியவர்களான நாம். பூனை கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

பஞ்சுவின் காலைப் பற்றி. பட்டையை ரொம்ப நேரம் இறுக்கிப் பிடித்த பூனைக்கு நகம் பிளந்திருக்கும், சில சமயம் வேரோடு பெயர்ந்தே இருக்கும். நல்ல வெளிச்சத்தில் பாதத்தை மெல்ல அழுத்தி ஒவ்வொரு நகமாகப் பாருங்கள். வீக்கமோ ரத்தமோ இருந்தால், இல்லை நாளைக்கும் தூக்கித் தூக்கி வைத்தால், கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுங்கள். பால் வேண்டாம், பல பூனைகளுக்கு வயிற்றைக் கலக்கிவிடும்.

இன்னொன்று. அந்தத் தேங்காய் பறிக்கிறவரை மறுபடி பார்த்தால், அவருக்குச் சம்மதமா என்று கேட்டு என் நம்பரைக் கொடுங்கள். இந்த மாதக் கடைசியில் நங்கநல்லூரில் ஒரு வேப்பமரம் கழிக்கப் போகிறேன். அன்றைக்கு வந்தால் கிளை மரத்தில் கயிறு போடுவதைக் காட்டுகிறேன். தென்னையில் அவர் ஏறுவதை நானும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

அன்புடன்.