'மிக்ஸ்டு ஆப்பிரிக்கன்' மீன் குஞ்சுகளை வாங்கலாமா?

கேள்வி: 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் மீன் தொட்டி வைத்திருக்கிறேன். கடையில் 'மிக்ஸ்டு ஆப்பிரிக்கன் சிக்லிட்' என்று பல நிறக் குஞ்சுகளை மலிவாகத் தருகிறார்கள். வளர்த்து, குஞ்சு எடுத்து விற்க ஆசை. வாங்கலாமா?

பதில்: குஞ்சு எடுப்பதாக இருந்தால் வேண்டவே வேண்டாம். இவை பெரும்பாலும் மலாவி ஏரியின் பாறை இடுக்குகளில் வாழும் எம்புனா மீன்கள். ஒரே தொட்டியில் இனம் கலந்து கூடிவிடும். அந்தக் குஞ்சுகளை என்ன பெயர் சொல்லி விற்பீர்கள்? கூட்டத்தில் ஆரட்டஸ் என்ற எம்புனா இனம் இருந்தால் இன்னும் மோசம். குஞ்சில் மஞ்சளில் கறுப்புக் கோடு போட்டு அழகாக இருக்கும். ஆண் வளர்ந்ததும் கருத்துப்போய் மற்ற மீன்களைத் துரத்தித் துரத்திக் கொல்லும்.

யெல்லோ லேப் என்ற மஞ்சள் எம்புனா இனத்தில் மட்டும் 8 முதல் 10 குஞ்சுகள், ஒன்றரை அங்குல அளவில் வாங்குங்கள். அந்த வயதில் ஆண் பெண் தெரியாது. 'ஜோடி' என்று கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள். ஓர் ஆணுக்கு மூன்று, நான்கு பெண்கள் தேவை. தாய் மீன்களைக் காட்டச் சொல்லுங்கள்: முதுகுத் துடுப்பில் கறுப்புப் பட்டை தெளிவாக இருக்க வேண்டும். உடல் ஆரஞ்சு கலந்து, பட்டை மங்கியிருந்தால் ரெட் ஜீப்ரா என்ற வேறு எம்புனா இனத்துடன் கலந்ததாக இருக்கலாம். கண்முன்னே தீனி போடச் சொல்லுங்கள். வயிறு ஒட்டியது, வெள்ளை நூலாக மலம் தொங்குவது வேண்டாம். பில்லில் இனப்பெயரை எழுதி வாங்குங்கள்.

கல்லை முதலில் தொட்டியின் அடியிலேயே உட்கார வைத்து, பிறகு மணல் போடுங்கள். மணல் மேல் கல்லை அடுக்கினால், மீன் அடியில் தோண்டத் தோண்டக் கல் சரிந்து கண்ணாடி உடையும். தண்ணீரின் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) 7.8 முதல் 8.6 வரை இருக்கட்டும். ஆர்ஓ தண்ணீர் மட்டும் ஊற்றினால் பிஎச் நிற்காது. பவளத்தூளைப் பையில் கட்டி ஃபில்டரில் வையுங்கள். ஸ்பைருலினா என்ற பாசி கலந்த தீனியே முக்கியம். மாட்டு இதயம் போன்ற கொழுத்த தீனி வயிற்று உப்பலில் கொண்டுபோய் விடும்.

தாடை புடைத்து, வாயை மென்றுகொண்டே தீனிக்கு வராத பெண், முட்டையை வாயில் வைத்திருக்கிறது. சுமார் மூன்று வாரம் அடைகாக்கும். 18-ஆம் நாள் வாக்கில் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். குஞ்சுகளை விட்டதும் அவற்றைத் தனியே வைத்து, பொடித்த ஃபிளேக் தீனியும் (செதில் தீனி) ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய இறால் வகைக் குஞ்சுகளும் கொடுங்கள். தாய் பட்டினி கிடந்து மெலிந்திருக்கும். ஒரு வாரம் நன்றாகத் தின்ன விட்டு, அப்புறம் பெரிய தொட்டியில் சேருங்கள்.