நோக்கம் எங்கிருந்து வருகிறது? கேள்வி பதில்

வாழ்க்கையில் ஒரு நோக்கத்தைக் கண்டடைவது, அதற்கான ஊக்கத்தைத் தக்கவைத்துக்கொள்வது, தன்னால் இயன்ற உயரத்தை எட்டுவது ஆகியவை பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, கல்வியியல் கல்லூரியில் உளவியல் கற்பித்தவள் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். ஒரே பொருளைக் கேட்டிருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (கோயம்புத்தூர், மென்பொருள் துறை, வயது 29): அம்மா, நல்ல சம்பளம் வாங்குகிறேன், குடும்பத்தில் குறை இல்லை. ஆனாலும் எதற்காக இதையெல்லாம் செய்கிறேன் என்ற கேள்வி காலையில் எழுந்ததும் வந்துவிடுகிறது. என் வாழ்க்கையின் நோக்கம் எது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நோக்கம் என்பது ஏற்கெனவே முழுமையாக உருவாகி நமக்குள் எங்கோ ஒளிந்திருக்கிறது, உட்கார்ந்து யோசித்தால் அகப்பட்டுவிடும் என்ற எண்ணம் உங்கள் கேள்விக்குள் இருக்கிறது. நான் அதை ஏற்கவில்லை. பெரும்பாலானவர்களுக்கு நோக்கம் ஏதோ ஒரு வேலையில் இறங்கிய பிறகு, அதில் கை பழகப் பழக, அந்த வேலை யாருக்குப் பயன்படுகிறது என்பது தெரியத் தெரிய, மெல்ல உருவாகிறது.

உ.வே. சாமிநாதையரின் வாழ்க்கையைப் பாருங்கள். 1880ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் கோவைகளும் புராணங்களும் ஏராளமாகப் பாடம் கேட்டிருந்தார். மதிப்பான வேலையும் கிடைத்துவிட்டது. பழந்தமிழ் இலக்கியத்தை அச்சில் ஏற்றுவதே தம் பணி என்ற எண்ணம் அப்போது அவருக்கு இல்லை. அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை மரியாதையின் பொருட்டுச் சந்திக்கச் சென்றபோது, அவர் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு முதலியார் ஒரு பிரதியைக் கொடுத்துப் பாடம் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். நூல் புரியவில்லை, சமண சமயக் கருத்துகள் தெரியாமல் அதற்குள் நுழைய முடியாது என்பது விளங்கியதும், சைவ மரபில் ஊறிய அந்த இளைஞர் கும்பகோணத்துச் சமணர்களைத் தேடிச் சென்று கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் தொடர்ந்தன.

இதில் நான் உங்களுக்குச் சுட்ட விரும்புவது அவருடைய பெருமையை அன்று, நிகழ்ந்த வரிசையை. முதலில் வெளியிலிருந்து ஒருவர் கேட்ட கேள்வி, அடுத்துத் தன் அறிவு போதவில்லை என்ற உணர்வு, அதற்கடுத்துத் தொடர்ந்த உழைப்பு, அந்த உழைப்பின் நடுவே வேறு எதையும் செய்ய விடாத ஈடுபாடு என்ற வரிசையில் அவருக்கு நோக்கம் வந்தது. ஆகவே உங்கள் வேலையை உடனே விட வேண்டாம். அதற்கு வெளியே மூன்று மாதங்களுக்கு ஒன்றில் இறங்குங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுப்பதோ, தமிழ் மின்னூல்களுக்கு மெய்ப்புத் திருத்துவதோ, எதுவானாலும் சரி. ஆனால் அதன் பயனைப் பெறும் மனிதரை நீங்கள் நேரில் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். ஈடுபாடு வளரவில்லை என்றால் அதை விட்டு வேறொன்றைத் தொடங்குவதில் தவறில்லை.

கேள்வி (திருநெல்வேலி, குரூப் 2 தேர்வுக்குப் படிப்பவர்): ஒவ்வொரு முறையும் பெரிய வேகத்தோடு தொடங்குகிறேன். இரண்டு வாரத்தில் வேகம் போய்விடுகிறது. என்னிடம் மன உறுதி இல்லையா?

பதில்: மன உறுதியின் மீது பழி போடுவதற்கு முன், உங்கள் திட்டம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். "தினமும் எட்டு மணி நேரம் படிப்பேன்" என்பது ஆசையாக மட்டுமே நிற்கும். எப்போது, எங்கே, எதை என்ற மூன்றும் அதில் இல்லை. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் இதை ஆராய்ந்தவர். கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு கட்டுரை எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் சொல்லி, அவர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும் அதை எந்த நேரத்தில், எந்த இடத்தில் எழுதப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே குறித்துத் தரச் சொன்னார்கள். குறித்துத் தந்தவர்களில் பெரும்பாலோர் சொன்னபடி எழுதினார்கள். குறித்துத் தராதவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே எழுதினார்கள். "இரவுச் சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவி வைத்ததும், மாடி அறையில் அமர்ந்து, இந்திய அரசியலமைப்பில் ஒரு பகுதியைப் படித்து இருபது வினாக்களுக்கு விடை எழுதுவேன்" என்று எழுதிப் பாருங்கள். முடிவெடுக்கும் வேலை முன்பே முடிந்துவிடுவதால், அந்த நேரத்தில் மனத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பதவியில் அமர்ந்து கையெழுத்துப் போடுவதாகக் கற்பனை செய்துகொண்டே இருப்பது உழைப்பைக் கூட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கபிரியேல் ஓட்டிங்கென் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் இதற்கு நேர்மாறானதைக் காட்டின: இனிய கற்பனையில் மட்டும் திளைப்பவர்கள் குறைவாகவே முயல்கிறார்கள். விரும்பும் முடிவை நினைத்த உடனேயே, அதற்குத் தடையாக உங்களுக்குள்ளே இருப்பது எது என்பதையும் நினைக்க வேண்டும் என்பது அவருடைய வழி. கைப்பேசியா, கணக்கின் மீதுள்ள பயமா, முடிவு வரும்வரை காத்திருக்கும் நீண்ட மாதங்களின் சோர்வா? தடையைப் பெயர் சொல்லிக் குறித்துக்கொண்டால், அது வரும்போது என்ன செய்வது என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

கேள்வி (ஈரோடு): உந்துதல் தரும் பேச்சுகளைக் காணொளியில் தினமும் பார்க்கிறேன். பயன் உண்டா?

பதில்: உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, "என்னால் முடியும்" என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் வருகிறது என்றார்: தானே செய்து வென்ற அனுபவம், தன்னைப் போன்றவர் செய்து முடிப்பதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கமொழி, அந்த நேரத்து உடல், மன நிலை. இவற்றுள் முதலாவதே வலிமை மிக்கது. வெறும் ஊக்கமொழி விரைவில் கரைந்துவிடக்கூடியது. அந்தக் காணொளி ஓடும் அரை மணி நேரத்தில் ஒரு சிறு வேலையைச் செய்து முடித்தால் கிடைக்கும் நம்பிக்கை அதைவிட நெடுநாள் நிற்கும்.

கேள்வி (சேலம், பிளஸ் ஒன் மாணவரின் தந்தை): தொண்ணூறு விழுக்காடு வாங்கினால் வண்டி வாங்கித் தருவதாக மகனிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது மதிப்பெண் கிடைக்காத எதையும் அவன் படிப்பதில்லை. முன்பு வானியல் நூல்களைத் தேடிப் படிப்பான்.

பதில்: நீங்கள் கவனித்ததை ஆய்வாளர்களும் கவனித்திருக்கிறார்கள். 1973இல் மார்க் லெப்பரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், விரும்பி வண்ணப் பேனாவால் படம் வரைந்துகொண்டிருந்த மழலைப் பள்ளிக் குழந்தைகளில் ஒரு குழுவினருக்கு, வரைந்தால் அழகிய சான்றிதழ் கிடைக்கும் என்று முன்பே அறிவித்துவிட்டு, அதன்படி கொடுத்தார்கள். இன்னொரு குழுவினருக்கு முன்னறிவிப்பின்றிக் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவினருக்கு எதுவும் கொடுக்கவில்லை. சில நாட்கள் கழித்துப் பார்த்தபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மட்டும் வரைவதைக் கணிசமாகக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன், 1971இல் எட்வர்ட் டெசி கல்லூரி மாணவர்களிடம் நடத்திய புதிர்ச் சோதனையிலும், புதிரை விடுவித்ததற்குக் காசு கொடுத்து, பிறகு காசு கொடுப்பதை நிறுத்தியபோது ஆர்வம் குறைவதே தெரிந்தது. விரும்பிச் செய்யும் செயலுக்கு விலை வைத்தால், அது விலைக்காகவே செய்யும் செயலாகிவிடுகிறது.

டெசியும் ரிச்சர்ட் ரையனும் பின்னர் வகுத்த கோட்பாடு மூன்று தேவைகளைச் சொல்கிறது: இது என் தேர்வு என்ற உணர்வு, எனக்கு இது கைவருகிறது என்ற உணர்வு, என் மீது அக்கறை உள்ளவர்களோடு சேர்ந்திருக்கிறேன் என்ற உணர்வு. கொடுத்த வாக்கைத் திரும்பப் பெற வேண்டாம். அது நம்பிக்கையைக் கெடுக்கும். ஆனால் இனி அதைப் பற்றிப் பேச வேண்டாம். ஒரு மாலை அவனிடம் வானத்தைக் காட்டி, அது என்ன கோள் என்று உண்மையாகவே அறியும் விருப்பத்தோடு கேளுங்கள்; அவன் சொல்வதை மதிப்பெண்ணோடு முடிச்சுப் போடாமல் கேட்டுக்கொண்டிருங்கள். எந்தப் பாடத்தை எப்போது படிப்பது என்பதை அவனே முடிவு செய்யட்டும். தந்தைக்கு இது எளிதன்று என்பது எனக்குத் தெரியும்.

கேள்வி (ஓசூர், தொழிற்சாலைப் பணியாளர்): உறுதி இருந்தால் எதையும் சாதிக்கலாம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இரவுப் பணி முடிந்து வந்து புத்தகத்தைத் திறந்தால் கண் இருட்டுகிறது. குறை என்னிடமா?

பதில்: இல்லை. உறுதி ஒன்றே போதும் என்ற பேச்சு, வசதி உள்ளவர் தம் வசதியை மறந்துவிட்டுச் சொல்வது; அதை நம்பி நீங்கள் உங்களையே நொந்துகொள்வது எனக்கு வருத்தமளிக்கிறது. கணித மேதை இராமானுஜனைவிட ஆழமான ஈடுபாட்டை யாரிடம் காட்ட முடியும்? அந்த ஈடுபாடே அவரைக் கல்லூரித் தேர்வில் தோற்கச் செய்தது. கணிதம் தவிர வேறு பாடங்களில் மனம் செல்லாததால் உதவித்தொகையை இழந்து, பட்டமும் இல்லாமல் வறுமையில் உழன்றார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்ததும், அங்கே நாராயண ஐயர் என்ற மேலதிகாரி கணிதம் அறிந்தவராக இருந்ததும், 1913 ஜனவரியில் அவர் எழுதிய கடிதத்தைக் கேம்பிரிட்ஜின் கணித அறிஞர் ஹார்டி குப்பையில் போடாமல் படித்ததும், அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை அளித்ததும் சேர்ந்தே அவரை 1914இல் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டு சென்றன. ஈடுபாடு அவரிடம் முதலிலிருந்தே மாறாமல் இருந்தது. சோறும் நேரமும் மனிதர்களும் வந்த பிறகுதான் வழி திறந்தது.

ஆகவே உங்களை மாற்றிக்கொள்வதற்கு முன் சூழலில் எதை மாற்றலாம் என்று பாருங்கள். இரவுப் பணி வாரங்களில் படிப்பை முற்றிலும் விட்டுவிட்டுத் தூங்குங்கள். பகல் பணி வாரங்களில் மட்டும் படிப்பதாகத் திட்டமிடுங்கள். பாதி வேகம் என்பது தோல்வி ஆகாது. உடன் வேலை செய்பவர்களில் அதே தேர்வுக்குப் படிக்கும் ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். மேற்பார்வையாளரிடம் பணிமுறை மாற்றம் கேட்பதற்குத் தயங்க வேண்டாம். மறுத்தால் இழப்பு ஒன்றுமில்லை.

கேள்வி (திருச்சி, வயலின் மாணவி): எதிலும் முழுத் திறனை அடையப் பத்தாயிரம் மணி நேரப் பயிற்சி வேண்டும் என்பது உண்மையா?

பதில்: ஆண்டர்ஸ் எரிக்ஸனும் அவருடைய குழுவினரும் பெர்லின் இசைக் கல்லூரி வயலின் மாணவர்களைப் பற்றி 1993இல் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவிய எண் அது. மிகச் சிறந்த மாணவர்கள் இருபது வயதுக்குள் செய்திருந்த பயிற்சியின் சராசரியே அது; எட்டியதும் தேர்ச்சி வாய்த்துவிடும் எல்லைக்கோடு என்று எரிக்ஸன் சொல்லவில்லை. அதே ஆய்வில் பலரும் கவனிக்காமல் விட்ட செய்தி உங்களுக்கு அதிகம் உதவும். அந்தச் சிறந்த மாணவர்கள் இடைவிடாமல் வாசித்துக்கொண்டிருக்கவில்லை; ஒரு முறைக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மிகாமல், தவறும் இடத்தையே குறிவைத்து வாசித்தார்கள், இடையே ஓய்வெடுத்தார்கள், மற்ற மாணவர்களைவிட அதிகமாகத் தூங்கினார்கள். வராத அந்த ஒரு கமகத்தை, அதாவது சுர அசைவை, ஆசிரியர் முன்னிலையில் மெதுவாகத் திரும்பத் திரும்பப் பிடிப்பது, வந்த கீர்த்தனையையே பத்து முறை வாசிப்பதைவிடப் பயன் தரும்.

கேள்வி (பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டவர்): சில மாதங்களாக எதிலும் விருப்பமில்லை. முன்பு பிடித்த பாட்டுக்கூடப் பிடிக்கவில்லை. தூக்கம் இல்லை. ஊக்கத்தை எப்படி மீட்பது?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை ஊக்கக் குறைவு என்று மட்டும் எடுத்துக்கொள்ள என்னால் முடியாது. பிடித்தவை எல்லாம் பிடிக்காமல் போவதும் தூக்கம் கெடுவதும் வாரக்கணக்கில் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருத்துவம் உண்டு, குணம் கிடைக்கிறது. மேலே நான் எழுதிய எந்த வழியையும் இப்போது முயன்று பார்க்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416; தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இன்றே அழையுங்கள். வீட்டில் ஒருவரிடமும் சொல்லுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர், இல்லத்தரசி, வயது 48): திருமணத்தால் பட்டப்படிப்பை இரண்டாம் ஆண்டில் நிறுத்தினேன். பிள்ளைகள் வெளியூர் சென்றுவிட்டார்கள். இந்த வயதில் படித்து என்ன செய்யப்போகிறாய் என்கிறார்கள்.

பதில்: அந்தக் கேள்விக்கு நீங்கள் விடை சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா 2018இல் தம் 96ஆவது வயதில் மாநில எழுத்தறிவுத் தேர்வு எழுதி, நூற்றுக்கு 98 மதிப்பெண்ணுடன் முதலிடம் பெற்றார். அவருக்கு அந்தத் துணிவு வருவதற்கு, அறுபதை நெருங்கிய தம் மகள் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வில் தேறியதைப் பார்த்ததும் ஒரு காரணம். பண்டூரா சொன்ன இரண்டாம் வழி இதுவே: தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது. உங்களைப் போலவே இடையில் நிறுத்திய பெண் ஒருவர் மீண்டும் படித்துக்கொண்டிருந்தால், அவரோடு பேசுங்கள்.

என்ன படிப்பது என்பதில், வேலைக்கு உதவுமா என்பதை முதல் அளவுகோலாக வைக்க வேண்டியதில்லை. எதைப் படிக்கும்போது நேரம் போவது தெரியவில்லையோ அதை எடுங்கள். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் வயது வரம்பின்றிப் பட்டப்படிப்பில் சேரலாம். பள்ளிச் சான்றிதழையும் முன்பு எழுதிய தேர்வுகளின் மதிப்பெண் பட்டியல்களையும் தேடி எடுத்து வைத்துக்கொண்டு, அந்தப் படிப்பு கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுமா என்று சேரும் முன் கேட்டுவிடுங்கள். படிக்கும் நேரத்தில் அடுப்படி வேலை யாருடையது என்பதையும் வீட்டில் இப்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.