வழிபாட்டுக்குப் போகாவிட்டால் ஆன்மிகவாதியா?

கேள்வி: எனக்கு 34 வயது. வழிபாட்டுக்குப் போவதை நிறுத்தி இரண்டு வருடமாகிறது, சடங்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. ஆனால் தினமும் காலையில் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்காருவேன், அது இல்லாமல் எனக்கு நாள் ஓடாது. 'உனக்கு நம்பிக்கையே போய்விட்டது' என்று அம்மா அழுகிறார். தோழியோ 'உனக்கு மதம்தான் இல்லை, நீ ஆன்மிகவாதி' என்கிறாள், ஒரு தியான வகுப்பில் சேரச் சொல்லி நச்சரிக்கவும் செய்கிறாள். ஆன்மிகம் என்றால் என்ன? அது மதத்திலிருந்து எங்கே வேறுபடுகிறது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் அம்மாவும் அவசரப்படுகிறார், தோழியும் அவசரப்படுகிறார். வழிபாட்டுக்குப் போகாததால் நம்பிக்கை போய்விட்டது என்று ஆகாது, அதே காரணத்தால் ஆன்மிகம் வந்துவிட்டது என்றும் ஆகாது. வெறும் சலிப்பாகக்கூட இருக்கலாம், அதில் தப்பும் இல்லை.

'மதம் வெளியே, ஆன்மிகம் உள்ளே' என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1901-02இல் எடின்பரோவில் ஆற்றிய உரைகளில், அமைப்பையும் சடங்கையும் ஓரமாக வைத்துவிட்டு, ஒரு மனிதர் தனிமையில் எதைத் தெய்விகம் என்று நினைக்கிறாரோ அதோடு அவருக்குள்ள உறவை மட்டும் எடுத்துக்கொண்டு பேசினார். பத்து வருடம் கழித்து, 1912இல், பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்கைம் நேர் எதிர்ப் பக்கம் நின்றார்: புனிதம் என்று ஒதுக்கி வைத்தவற்றைச் சுற்றியுள்ள நம்பிக்கையும் நடைமுறையும் சேர்ந்து மனிதர்களை ஒரே சமூகமாகக் கட்டுகிறதே, அதுதான் மதம் என்றார். இன்று நாம் ஆன்மிகம் என்று பேசுவதில் பெரும்பகுதி ஜேம்ஸ் பார்த்த பக்கம்தான், ஆனால் அவர் அதையும் மதம் என்றேதான் சொன்னார்.

என்னைக் கேட்டால், நீங்கள் யாரோடு சேர்ந்தவர், பிறந்தால் என்ன செய்வது, செத்தால் என்ன செய்வது என்பதற்கெல்லாம் மதத்திடம் தயாராகப் பதில் இருக்கிறது. இதைக் கேலி செய்பவர்கள் ஒரு சாவு வீட்டில் நின்று பார்க்க வேண்டும், வீட்டுக்காரர்கள் திக்குத்தெரியாமல் நிற்கும்போது யார் எங்கே நிற்க வேண்டும், எதைச் சொல்ல வேண்டும், எத்தனை நாளைக்குத் துக்கம் என்று யாரோ எப்போதோ யோசித்து வைத்திருப்பது எவ்வளவு பெரிய உதவி என்று அப்போது புரியும். ஆன்மிகம் இந்த வேலையைச் செய்யாது. அதன் கேள்வியே வேறு: நான், எனது என்று இறுக்கிப் பிடித்திருப்பது கொஞ்சமாவது தளர்கிறதா?

இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம். ஆவிலாவின் தெரேசாவைப் பாருங்கள், பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயினின் கன்னியாஸ்திரீ, உள்முகப் பிரார்த்தனையில் ஊறியவர். 1562இல் அவர் தொடங்கிய மடத்தில் விதிகள் முன்பைவிடக் கடுமையாகத்தான் இருந்தன. கத்தோலிக்கத் திருச்சபையின் மத விசாரணையாளர்கள் அவரைச் சந்தேகப்பட்டார்கள், அதே திருச்சபை 1622இல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தது. அவர் மதத்தை விட்டு வெளியே போகவே இல்லை.

மதத்துக்கு வெளியே ஆன்மிகம் எப்படி இருக்கும் என்றால், எனக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது குடியை விட நினைப்பவர்களின் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் தொடங்கியது. தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சன், குடிக்குச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் கிடந்தபோது படித்தது, நான் மேலே சொன்ன ஜேம்ஸின் உரைகள்தான்! எந்த மதமும் கட்டாயமில்லை, கடவுள் என்றால் அவரவர் புரிந்துகொண்டபடி, நாத்திகரும் வரலாம். ஆனால் சும்மா கண்ணை மூடி நிம்மதி தேடும் இடமல்ல அது. தன்னால் பாதிக்கப்பட்டவர்கள் யார் யார் என்று பட்டியல் எழுத வேண்டும், அப்புறம் அவர்களுக்கு மேலும் கெடுதல் வராதபடி முடிந்தவரை நேரில் போய்ச் சரிசெய்ய வேண்டும். பழைய கடன்காரர், ஏமாந்துபோன தம்பி, பேச்சு நின்றுபோன மகள் என்று ஒவ்வொருவர் முன்னாலும் போய் நிற்பதை நினைத்துப் பாருங்கள், ஒரு மணி நேரத் தியானமெல்லாம் அதற்கு முன் விளையாட்டு. இன்னொன்றும் கவனியுங்கள், மதம் வேண்டாம் என்றவர்களும் வாரா வாரம் கூடுகிறார்கள், சேர்ந்து ஒரே வரிகளைச் சொல்கிறார்கள். துர்கைம் முழுத் தப்பில்லை போலிருக்கிறது.

இப்போது உங்கள் காலை நேரத்துக்கு வருவோம். கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறீர்கள், பாதியில் யாரோ கதவைத் தட்டி 'சாவி எங்கே?' என்கிறார்கள். அந்த நொடியில் உங்கள் குரல் எப்படி வருகிறது? வள்ளென்று விழுகிறீர்கள் என்றால் அந்த அமைதி உங்களுக்கு இன்னொரு சொத்து ஆகிவிட்டது, காவல் காக்கிறீர்கள். எரிச்சல் வந்தும் ஒரு மூச்சு விட்டுப் பதில் சொல்ல முடிகிறது என்றால், உட்காருவது வேலை செய்கிறது. ஒரு நாளை வைத்து முடிவு கட்டாதீர்கள், தூக்கம் கெட்ட நாளில் எல்லோரும்தான் கத்துவோம். ஆறு மாதம் கழித்து வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள், உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

தியான வகுப்பு? போய்ப் பார்க்கலாம், மூச்சைக் கவனிக்கச் சொல்லித்தருவதில் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் நடத்துபவரைக் கேள்வி கேட்டால் சுற்றியிருப்பவர்கள் முகம் சுளிக்கிறார்களா, அடுத்த நிலை அதற்கடுத்த நிலை என்று பணம் ஏறிக்கொண்டே போகிறதா, குடும்பத்தையும் பழைய நட்பையும் விடச் சொல்கிறார்களா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். மதத்தின் அதிகாரம் பிடிக்காமல் வெளியே வந்தவர், கேள்வி கேட்க முடியாத ஒரே ஒரு ஆளின் காலடியில் போய் விழுவது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது, அங்கே தட்டிக்கேட்க பழைய விதிகூட இருக்காது.

அம்மாவிடம் விவாதம் வேண்டாம். மேலே எழுதியதை அவரிடம் படித்துக் காட்டவும் வேண்டாம், வில்லியம் ஜேம்ஸ் அவரைச் சமாதானப்படுத்த மாட்டார். அவர் பயப்படுவது உங்கள் கொள்கையைப் பார்த்து அல்ல, தன் கூட்டத்திலிருந்து மகள் கழன்றுவிட்டாளே என்றுதான். எப்போதாவது அவர் வழிபாட்டுக்குக் கிளம்பும்போது கூடப் போங்கள். நம்புவதுபோல் நடிக்க வேண்டாம், 'எனக்கு இதில் மனம் ஒட்டலை, உன்னோடு இருக்கத்தான் வந்தேன்' என்று சொல்லிவிடுங்கள். முதல் தடவை கோபப்படுவார். மறுபடியும் போங்கள்.