அப்பா வரும் நாளில் மட்டும் கழற்றுவானேன்?

கேள்வி: தி.நகரில் 14 பேர் வேலை செய்யும் ஆடிட் ஆபீஸ் நடத்துகிறேன். சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் ஆசையாக வாங்கிய ஓவியத்தை ஹாலில் மாட்டியிருக்கிறேன். உடையில்லாமல் படுத்திருக்கும் பெண், நாலடிக்கு மூன்றடி. மூன்று பெண் ஊழியர்கள் எடுக்கச் சொல்கிறார்கள். ஒருவர் நாற்காலியையே திருப்பிப் போட்டுக்கொண்டார். கலையை ஆபாசமாகப் பார்ப்பது அவர்கள் மனக்கோணல்தானே? மாதக் கடைசியில் அப்பா கணக்குப் பார்க்க வருவார். அன்று மட்டும் ஆபீஸ் பெருக்கும் அம்மா அதைக் கழற்றி பீரோ பின்னால் வைத்துவிடுவார். மற்றபடி பிரச்சினை இல்லை. சட்டப்படி என்னைக் கட்டாயப்படுத்த முடியுமா?
- பெயர் வேண்டாம், மயிலாப்பூர்

பதில்: தம்பி, எனக்கு இது பழகிய கடிதம். முன்பெல்லாம் காலண்டர், இப்போது கேன்வாஸ். கலை, சுதந்திரம், மனக்கோணல் எல்லாம் ஓரமாக இருக்கட்டும். அந்த மாதக் கடைசிக்கு வாருங்கள்.

அப்பா வருகிற அன்று எதற்குக் கழற்றுகிறீர்கள்? அவருக்கும் மனக்கோணலா? இல்லை, அவர் முன்னால் அது தொங்கினால் உங்களுக்குக் கூசுகிறது. நல்ல பிள்ளைக்குக் கூசத்தான் செய்யும், அதில் தப்பே இல்லை. ஆனால் அந்தக் கூச்சம் மாதத்தில் ஒரு நாள்தான் வருகிறது. மீதி நாளெல்லாம் அதே சுவருக்கு எதிரே உட்கார்ந்து வவுச்சர் டிக் அடிக்கிற பெண்ணும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே?

அதைவிட எனக்குப் பொறுக்காதது, கழற்றுகிற வேலையை யாரிடம் கொடுத்தீர்கள் என்பது. துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்துவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு, ஸ்டூலில் ஏறி அந்த அம்மா நாலடிப் படத்தை நெஞ்சோடு அணைத்து இறக்க வேண்டும். மறுநாள் திரும்ப ஏற்ற வேண்டும். அவரிடம் ஒருநாளாவது கேட்டீர்களா? பிரச்சினை இல்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். சம்பளம் கொடுக்கிறவன் அந்த இடத்துக்குப் பெரியவன் மாதிரி என்று நம்புகிற பழைய ஆள் நான். உங்கள் வெட்கத்தை அவர் தலையில் சுமத்துவது பெரியவன் செய்கிற காரியமா?

நிர்வாணமெல்லாம் அசிங்கம் என்கிறவள் இல்லை நான். 1850ல் ஓவியப் பள்ளி தொடங்கிய ஊர் இது. அங்கே முதல்வராக இருந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் மாணவர்களும் சேர்ந்துதான் 1966ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலத்தை உண்டாக்கினார்கள். ஓவியர் எம்.எஃப். ஹுசைன் வழக்கில் 2008ல் டெல்லி உயர் நீதிமன்றமும் நிர்வாணம் மட்டுமே ஆபாசமாகிவிடாது என்றுதான் சொன்னது. ஆனால் சோழமண்டலத்துக்குப் போகிறவர் பிடித்தால் நிற்பார், பிடிக்காவிட்டால் அடுத்த படத்துக்கு நகர்வார். உங்கள் ஆபீஸில் ரிட்டர்ன் தாக்கல் சமயத்தில் ராத்திரி எட்டு மணி வரை நகர முடியாது. பாவம், அந்தப் பெண்ணால் முடிந்தது நாற்காலியைத் திருப்புவதுதான்.

சட்டம் கேட்டீர்கள். சுவரில் படம் மாட்டினாலே குற்றம் என்று எதிலும் இல்லை. ஆனால் வேலையிடத்தில் பெண்களுக்குப் பாலியல் தொல்லை கூடாது என்கிற 2013ம் வருடச் சட்டம், விருப்பமில்லாதவர்மேல் திணிக்கப்படும் பாலியல் ரீதியான நடத்தையை, வாய் திறந்து பேசாததாக இருந்தாலும், கணக்கில் எடுக்கிறது. மூன்று பேர் வாய்விட்டுச் சொன்ன பிறகும் விடாமல் தொங்கவிடுவது அதில் வருமா என்று பார்க்க வேண்டியது உள்புகார்க் குழு. பத்துப் பேர் இருந்தாலே குழு கட்டாயம்; தலைமை ஒரு மூத்த பெண் ஊழியர், வெளியாள் ஒருவரும் வேண்டும். உங்களிடம் 14 பேர். கடிதத்தில் குழுவைப் பற்றி ஒரு வார்த்தை காணோம். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். ஊரார் கணக்கையெல்லாம் தணிக்கை செய்கிற உங்களுக்கா இதை நான் சொல்ல வேண்டும்?

படம் உங்கள் காசில் வாங்கியது, உங்களுக்குப் பிடித்தது. வீட்டில் உங்கள் அறையில் மாட்டுங்கள், அப்பாவிடம் நீங்களே சொல்லுங்கள். இந்தத் தடவை ஸ்டூலில் நீங்கள் ஏறுங்கள். நாலடிப் படம் ஆட்டோவுக்குள் நுழையாது, ஒரு குட்டியானை பிடித்துக்கொள்ளுங்கள்.